மூணு பேருமே சம்மதம்தான்

ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18ஆம் தேதி மழைக்கு நடுவே திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்த கதை எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதற்கு ஏழாண்டு கழித்துத் திருச்சியில் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1956 மே மாதம் அங்கே கூடிய மாநில மாநாட்டில், கட்சி தேர்தலில் நிற்கலாமா கூடாதா என்று வந்திருந்தவர்களிடமே கேட்டார்கள். இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். நிற்கலாம் என்பவர்கள் சிவப்புப் பெட்டியிலும் கூடாது என்பவர்கள் கறுப்புப் பெட்டியிலும் சீட்டைப் போட வேண்டும். எண்ணிப் பார்த்தபோது நிற்கலாம் என்று 56,942 சீட்டும் கூடாது என்று 4,203 சீட்டும் இருந்தன. மறுவருடம் நின்றார்கள். பதினைந்து பேர் சட்டமன்றத்துக்குப் போனார்கள்.

அறுபதாயிரம் பேரை வரிசையில் நிற்கவைத்து நிற்கலாமா என்று கேட்க முடிந்திருக்கிறது. நிற்பது யார் என்று அதே பெட்டிகளை வைத்துக் கேட்கும் வழக்கத்தை மட்டும் அந்தக் கட்சியும் உண்டாக்கவில்லை, அதிலிருந்து பிரிந்தவர்களும் உண்டாக்கவில்லை, அதற்கு முன்பிருந்த காங்கிரஸும் உண்டாக்கவில்லை. அதை இன்றைக்குக் கேட்பதாக இருந்தால் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கேட்கலாமா என்பது பழைய கேள்வி. கேட்கும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இப்போது நம்மிடம் இருப்பது விருப்ப மனு. தேர்தல் நெருங்கினால் தி.மு.க.வின் அறிவாலயத்திலும் அ.தி.மு.க.வின் ராயப்பேட்டை அலுவலகத்திலும் மனு வாங்கக் கூட்டம் கூடும். 2021இல் தி.மு.க.வில் பொதுத் தொகுதிக்குக் கட்டணம் 25,000 ரூபாய். மனு கட்டியவர்களுக்கு நேர்காணல் உண்டு. அந்த ஆண்டு கட்சித் தலைவர் ஸ்டாலினே கொளத்தூருக்கு மனு கொடுத்துவிட்டு, துரைமுருகன் உள்ளிட்டவர்களின் எதிரில் நேர்காணலுக்கு உட்கார்ந்தார். நல்ல காட்சிதான். ஆனால் நேர்காணலுக்குப் போய்வந்த சாதாரண ஆட்களைக் கேட்டால், எவ்வளவு செலவு பண்ணுவீங்க என்ற கேள்வி தவறாமல் வரும் என்பார்கள். தொகுதியில் உங்களை எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு அந்த அறையில் விடை கிடையாது. அதை எண்ணிச் சொல்ல எவரும் இல்லை. உளவுத்துறை, ஊடக நண்பர், மாவட்டச் செயலாளர், காசு வாங்கிக்கொண்டு சர்வே எடுக்கும் நிறுவனம் என்று ஆளுக்கொரு கணக்கைத் தலைமையின் காதில் போடுவார்கள். மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குக் கட்சியின் வேட்பாளர் இவர்தான் என்று சொல்லும் ஏ படிவமும் பி படிவமும் போய்விட வேண்டும். அதோடு தேர்வு முடிந்தது. உறுப்பினர் அட்டை வைத்திருப்பவருக்குப் பட்டாசு வெடிக்கிற வேலை மட்டும் மிச்சம்.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கட்சியில் நாற்பது வருடமாக வட்டப் பிரதிநிதிக்கு மேல் போகவில்லை, போக ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஒருமுறை கேட்டேன்.

“ஏண்ணே, இந்தத் தடவை யாருக்குச் சீட்டு குடுத்தா நல்லாருக்கும்?”

“மூணு பேர் கேக்குறானுங்க தம்பி. மூணு பேருமே எனக்கு ஓகேதான். ஆனா ஒருத்தன் பேரை வாயைத் தொறந்து சொல்லிட்டேன்னு வை, மத்த ரெண்டு பேரும் என் பேத்தி விசேஷத்துக்கு வரமாட்டானுங்க.”

“அப்ப யாருக்குக் குடுத்தாலும் சரியா?”

“அது எப்படி? நாலாவதா ஒருத்தன் பணத்தோட வந்து நிப்பான் பாரு, அவன் வேணாம்.”

அரசியல் அறிவியலார் புத்தகம் புத்தகமாக எழுதியதை இவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார். ஒரு பெயரைச் சொல் என்று கேட்டால் அவருக்கு வாய் வராது. யார் யாரை ஒத்துக்கொள்வாய் என்று கேட்டு ரகசியமாக ஒரு சீட்டைக் கொடுத்தால் மூன்று டிக் போடுவார், நாலாவதைக் காலியாக விடுவார். இப்படிப் பிடித்தவர்களுக்கெல்லாம் டிக் போடச் சொல்லி, அதிக டிக் வாங்கியவரைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒப்புதல் வாக்கு முறை. அமெரிக்காவில் ஸ்டீவன் பிராம்ஸ், பீட்டர் ஃபிஷ்பர்ன் என்ற இருவர் 1978இல் இதை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். இதில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசை எழுத வேண்டியதில்லை. மறுசுற்று எண்ணும் சிக்கலும் கிடையாது. எண்ணத் தெரிந்த யாரும் எண்ணிவிடலாம்.

இதன் கணக்கு என்னவென்று பார்க்க ஒரு கற்பனை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கட்சிக்கு ஆயிரம் உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் சீட்டு கேட்கிறார்கள்: மாவட்டச் செயலாளரின் மைத்துனர், குப்பத்தைச் சேர்ந்த விசைப்படகு உரிமையாளர், கவுன்சிலராக இருக்கும் ஒரு பெண், எண்ணூர் ஆலையின் தொழிற்சங்கக்காரர். ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் மைத்துனருக்கு 340, படகுக்காரருக்கு 260, கவுன்சிலருக்கு 220, சங்கத்துக்காரருக்கு 180. மைத்துனர் ஜெயித்தார். மீதி அறுநூற்று அறுபது பேரில் எத்தனை பேருக்கு அவர் வேண்டாம் என்பது எந்தத் தாளிலும் பதிவாகவில்லை. இதே ஆயிரம் பேரிடம் ஒத்துக்கொள்கிற எல்லாருக்கும் டிக் போடுங்கள் என்று சொல்லியிருந்தால்? படகுக்காரரின் ஆட்களில் 150 பேரும் கவுன்சிலரின் ஆட்களில் 160 பேரும் மைத்துனரின் ஆட்களிலேயே 60 பேரும் சங்கத்துக்காரரையும் ஒத்துக்கொள்கிறார்கள் என்றால் அவர் கணக்கு 550. மைத்துனருக்கு வெளியிலிருந்து ஐம்பது பேர் டிக் போட்டாலும் 390தான். கடைசியில் இருந்தவர் முன்னுக்கு வந்துவிட்டார். எண்கள் நான் போட்டவைதான், மாற்றிப் போட்டால் படகுக்காரரும் ஜெயிப்பார். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒற்றை ஓட்டு எதை மறைக்கிறது என்று காட்ட இவ்வளவு போதும்.

கற்பனை போதாது என்பவர்கள் செயின்ட் லூயிஸைப் பார்க்கலாம். மிஸிஸிப்பி ஆற்றுத் துறைமுக நகரம், ஆலைகள் இருந்து தேய்ந்த நகரம், நம் வடசென்னைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அங்கே முன்பெல்லாம் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் ஜெயித்தவர்தான் மேயர். பொதுத்தேர்தல் சடங்கு. 2017 உட்தேர்தலில் ஏழு பேர் நின்றார்கள். லைடா க்ரூசன் 32 சதவீத ஓட்டோடு ஜெயித்தார். டிஷாரா ஜோன்ஸ் 888 ஓட்டில் தோற்றார். ஜோன்ஸின் வாக்காளர்களும் அவரோடு நின்ற மற்றக் கறுப்பின வேட்பாளர்களின் வாக்காளர்களும் ஒருவர் வயலுக்கு வந்த தண்ணீரை இன்னொருவர் திருப்பிக்கொண்ட கதையாகப் பிரிந்துபோனார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆதரவோடு ஒருவர் நகரத்தை ஆளப்போவதைப் பார்த்த ஜனங்கள் 2020 நவம்பரில் 68 சதவீத ஆதரவோடு முறையையே மாற்றினார்கள். முதல் சுற்றில் கட்சிப் பெயர் இல்லாமல் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் டிக், முதலிரண்டு இடத்துக்கு வந்தவர்கள் மட்டும் அடுத்த மாதம் நேருக்கு நேர். 2021 மார்ச்சில் முதல்முறையாக நடந்தது. ஜோன்ஸுக்கு 57 சதவீதம், காரா ஸ்பென்சருக்கு 46, லூயிஸ் ரீடுக்கு 39, நான்காமவருக்கு 14. கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று பதற வேண்டாம், தாண்டத்தான் வேண்டும். சராசரியாக ஒரு சீட்டில் ஒன்றரை டிக் விழுந்திருக்கிறது என்று பொருள். ஏப்ரலில் ஜோன்ஸ் மேயரானார். நாலு வருடம் கழித்து அதே முறையில் ஸ்பென்சர் அவரைத் தோற்கடித்தார். முறை யாருக்கும் அடிமையாக இல்லை என்பதற்கு அது போதும். வடக்கே ஃபார்கோ நகரமும் 2018இல் இதை ஏற்று 2020இல் நடத்திப் பார்த்தது. நகரத்து ஜனங்கள் விரும்பிக் கொண்டுவந்ததை 2025இல் மாகாணச் சட்டமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு எது பிடிக்காது என்பதில் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் ஊர்க் கதையிலும் இதற்குத் தடயங்கள் இருக்கின்றன. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை, முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 என்று இரண்டு முறை வெட்டியவற்றை, ஜனநாயகத்துக்குச் சான்றாக மேடைதோறும் காட்டுகிறோம். குடவோலையில் என்ன செய்தார்கள்? ஊர்ப் பிரிவுகளான முப்பது குடும்புகளில் ஒவ்வொன்றிலும் தகுதியுள்ள எல்லாருடைய பெயரையும் ஓலையில் எழுதினார்கள். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு, படிப்பு என்று தகுதிகள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் தகுதியற்றவர்கள். இந்தச் சல்லடையில் தேறியவர்கள் அத்தனை பேரும் குடத்துக்குள். அப்புறம் ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் இடம் இல்லை என்பதால் இதை ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. இருந்தாலும் அந்த ஏற்பாட்டின் முதல் பாதி கவனிக்கத்தக்கது: யார் ஒருவர் சிறந்தவர் என்று அது கேட்கவில்லை, யார் யார் பரவாயில்லை என்று கேட்டது. சண்டை வரும் இரண்டாம் பாதியைத் திருவுளச்சீட்டிடம் விட்டுவிட்டது. வெனிஸ் நகரத்தார் 1268இலிருந்து தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கலையும் ஒப்புதலையும் மாற்றி மாற்றி அடுக்கிய முறையும் இதே பயத்திலிருந்து பிறந்ததுதான். இரு ஊரிலும் பயந்தது கோஷ்டிக்கு.

சுதந்திர இந்தியாவிலும் வாக்காளர் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு இருந்த காலம் உண்டு. 1952லும் 1957லும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஆளுக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது, இரண்டு பேரை ஒத்துக்கொள்ளலாம். 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் நின்ற வி.வி. கிரி இந்த ஏற்பாட்டில் சிக்கினார். ஒரு இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கியது, இன்னொன்று பொது. இரண்டிலும் பழங்குடி வேட்பாளர்களே ஜெயித்துவிட்டார்கள். கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1959இல் அங்கேயும் தோற்றார். 1961இல் சட்டம் கொண்டுவந்து இரட்டைத் தொகுதிகளையே ஒழித்தார்கள். ஒரு பழங்குடி பொது இடத்தில் ஜெயித்ததும் முறையே தூக்கியெறியப்பட்டது என்ற வாசிப்புக்கு இதில் இடம் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: இதே கிரி 1969இல் குடியரசுத் தலைவர் ஆனது இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு. முதல் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டவில்லை. அந்தத் தேர்தலே காங்கிரசுக்குள் வேட்பாளர் யார் என்பதில் வந்த சண்டை. கட்சி அறிவித்த சஞ்சீவ ரெட்டிக்கு எதிராக இந்திரா காந்தி மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். உள்ளே தீர்க்காத போட்டி நாட்டின் முதல் நாற்காலி வரை போனது.

உள்ளே தீர்க்காதது வெளியே வெடிக்கும் என்பதற்கு எங்கள் ஆர்.கே. நகரைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஜெயலலிதா இறந்த பிறகு அ.தி.மு.க. இரண்டானது, இரட்டை இலை முடங்கியது. 2017 ஏப்ரல் இடைத்தேர்தலில் தினகரன் பக்கம் தொப்பி, மதுசூதனன் பக்கம் இரட்டை விளக்கு மின்கம்பம். பணப்பட்டுவாடா என்று தேர்தல் ஆணையம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. டிசம்பர் 21இல் மறுபடி நடந்தபோது இரட்டை இலை மதுசூதனனிடம் இருந்தது, தினகரனிடம் குக்கர் இருந்தது. தினகரன் 89,013 ஓட்டு, மதுசூதனன் 48,306, தி.மு.க.வின் மருதுகணேஷ் 24,651. இதைச் சுயேச்சையின் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அது ஒரு கட்சியின் உட்தேர்தலாகவே தெரிந்தது. பொதுக்குழுவில் பெட்டி வைத்து நடந்திருக்க வேண்டியதைத் தண்டையார்ப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் அரசாங்கச் செலவில் நடத்தினார்கள். எதிர்க்கட்சியின் வைப்புத்தொகை அதில் போனது.

அந்த இடைத்தேர்தலை நினைத்தால் எல்லாருக்கும், பிறகு பணம் தருவதாகச் சொல்லி வாக்காளர்களிடம் கொடுத்ததாகப் பேசப்பட்ட இருபது ரூபாய் டோக்கன் நினைவுக்கு வரும். உட்தேர்தல் வந்தால் பணம் இன்னும் சுலபமாக விளையாடும் என்பது நியாயமான பயம். இரண்டு லட்சம் வாக்காளரைவிட ஆயிரம் உறுப்பினர் மலிவு. ஆனால் ஒற்றை ஓட்டை விலைக்கு வாங்குகிறவன் அதை எதிராளியிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறான். ஒப்புதல் சீட்டில் அவன் வாங்குவது தனக்கு ஒரு டிக் மட்டும். திரைக்குப் பின்னால் போனவன் இன்னும் இரண்டு பேருக்கு டிக் போட்டுவிட்டு வந்தால் கொடுத்த காசுக்குப் பாதி மதிப்பு போய்விட்டது. எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு மனசுக்குப் பிடித்தவருக்குக் குத்துவது என்று எங்கள் ஜனங்கள் எப்போதோ தெளிந்துவிட்டார்கள். வாங்குவதில் ஒப்புதல் முறை ஏற்கெனவே அமலில் இருக்கிறது, குத்துவதில்தான் இல்லை.

தமிழ்நாட்டுக் கட்சிகளின் உள்வாழ்க்கையை நடத்துவது விசுவாசம். வட்டச் செயலாளர் பகுதிச் செயலாளரின் ஆள், பகுதிச் செயலாளர் மாவட்டச் செயலாளரின் ஆள், மாவட்டச் செயலாளர் இன்னொருவரின் ஆள். யாருடைய ஆளும் இல்லாதவனுக்கு நோட்டீஸில் பெயர் வராது, படம் எங்கே வரும்? இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை ஓட்டு உட்தேர்தலைக் கொண்டுவந்து வைத்தால் அது விசுவாசத்தைத் தலை எண்ணும் கணக்காகிவிடும். தோற்றவனின் ஆட்கள் யாரென்று ஜெயித்தவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு உள்ளடி வேலை தொடங்கும். பூத் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டே சொந்தக் கட்சியைத் தோற்கடிக்கும் அந்தக் கலை நம்மிடம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. 2022 மார்ச்சில் உள்ளாட்சித் தலைவர் பதவிகளுக்கு மறைமுகத் தேர்தல் நடந்தபோது கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் தி.மு.க.வினரே நின்று ஜெயித்தார்கள். அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினே பகிரங்கமாக அவர்களை ராஜினாமா செய்யச் சொல்ல நேர்ந்தது.

ஒப்புதல் சீட்டு இந்த இடத்தில்தான் குறும்பு செய்கிறது. உன் ஓட்டு எனக்குத்தானே என்று யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. காசிமேட்டுப் பெரியவர் மூன்று விசேஷத்துக்கும் போகலாம், மூன்று பேரும் அவர் வீட்டுக்கு வரலாம். கோஷ்டித் தலைவனிடம் இன்னொரு கோஷ்டியைச் சேர்ந்தவனின் தலையும் சேர்ந்தே எண்ணப்பட்டிருக்கும். யார் எவனுடைய ஆள் என்ற கணக்கு குழம்பிப்போகும். அந்தக் குழப்பம் எனக்கு வேண்டும். கணிதப் பேராசிரியர்கள் இந்த முறைக்கு எத்தனையோ நற்குணங்கள் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஒன்று போதும்: ஒருவனை ஏற்பதற்கு இன்னொருவனைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

சென்னை மாகாணக் காங்கிரசுக்கு இது பழைய வலி. 1946இல் மாகாணப் பிரதமர் யார் என்று சட்டமன்றக் கட்சிக்குள் மூன்று முனைப் போட்டி. ராஜாஜி வரட்டும் என்று மேலிடம் நினைத்தது, உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பிரகாசம் 82, முத்துரங்க முதலியார் 69. ஓராண்டு முடிவதற்குள் பிரகாசம் போய் ஓமந்தூரார் வந்தார். 1954இல் காமராஜருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. காமராஜர் தோற்றவரையும் அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். இரண்டுமே ஒற்றை ஓட்டுத் தேர்வுதான். முதலாவதில் காயம் ஆறவில்லை, இரண்டாவதில் ஒரு மனிதர் மருந்து போட்டார். காமராஜர் எல்லா வட்டத்திலும் பிறப்பதில்லை.

அண்மைக்கால காங்கிரஸ் இரண்டு முறை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. 2014 மக்களவைத் தேர்தலுக்கு ராகுல் காந்தி சொல்லி 16 தொகுதிகளில் உட்தேர்தல் என்று அறிவித்தார்கள். வதோதராவில் அப்படி ஜெயித்த நரேந்திர ராவத், எதிரில் மோடி நிற்கிறார் என்றானதும் மதுசூதன் மிஸ்திரிக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கினார். கீழே நடந்த தேர்வு கடைசியில் நிற்கவில்லை. தென் கன்னடத்திலும் பெங்களூர் வடக்கிலும் உட்தேர்தலில் ஜெயித்தவர்கள் பொதுத்தேர்தலில் தோற்றார்கள். பரிசோதனையை அப்படியே மறந்துவிட்டார்கள். அடுத்தது 2022 அக்டோபர் தலைவர் தேர்தல். முதலில் பிடித்தவர் பெயருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும் என்றார்கள். கார்கேவின் பெயர் சீட்டில் முதலாவதாக இருந்ததால் ஒன்று என்றாலே அவர் என்றாகிவிடும் என்று சசி தரூர் தரப்பு ஆட்சேபித்தது. கடைசி நேரத்தில் டிக் அடையாளம் என்று மாற்றினார்கள். கார்கே 7,897, தரூர் 1,072, செல்லாதவை 416. முடிவை அந்த டிக் மாற்றவில்லை. ஆனால் சீட்டில் என்ன குறிப்பது என்பது சின்ன விஷயம் இல்லை என்று நூற்று முப்பது வயதைத் தாண்டிய கட்சிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒப்புதல் முறைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்று உண்மையாகவே கனமானது. கோஷ்டித் தலைவன் நம்ம ஆளுக்கு மட்டும் குத்து, மத்ததைத் தொடாதே என்று சொல்லிவிட்டால்? எல்லாரும் கேட்டுவிட்டால் இது பழைய ஒற்றை ஓட்டாகவே முடியும். செயின்ட் லூயிஸின் ஒன்றரை டிக்கும் ஏறக்குறைய பாதிப் பேராவது ஒருவரோடு நிறுத்திக்கொண்டதையே காட்டுகிறது. எல்லாரும் கேட்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம், அவ்வளவுதான் என் பதில். மோசமாகப் போனால் இருந்த இடத்துக்கே திரும்புகிறோம், அதற்குக் கீழே போவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் எண்ணூரிலிருந்து வரும். எல்லாருக்கும் சம்மதமானவன் என்றால் யாரையும் எதிர்க்காதவன் என்றுதானே பொருள்? 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதிக் கரை முழுக்க எண்ணெய். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலையாற்றில் மறுபடி எண்ணெய். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா, ஊரே வீட்டை விட்டு ஓடியது. இந்த இடத்துக்கு முகம் சுளிக்கவைக்கும் ஆள் வேண்டும். ஆலைக்காரனும் மாவட்டமும் மீனவரும் ஒருசேரத் தலையாட்டும் ஆள் எதற்கு? கேள்வி சரி. ஆனால் உட்தேர்தலில் டிக் போடப்போவது ஆலை முதலாளி இல்லையே. நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் இருக்கும் உறுப்பினரும் ஆலைவாசலில் இருக்கும் தொழிலாளியும்தான். இன்றைய நேர்காணல் அறையில்தான் முதலாளியின் குரல் நேராகக் கேட்கும். எதிர்த்துப் பேசுபவனுக்கும் பெட்டி ஒரு வாய்ப்புத் தருகிறது. மீனவனும் தொழிலாளியும் ஆகாதவர்கள் போல நிற்கும் ஊரில், இரு பக்கத்திலும் டிக் வாங்கக்கூடிய ஒருவனைத் தேடவைப்பது அந்த ஊருக்குக் கெடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை. துறைமுகத் தொழிற்சங்கத்தை நடத்திய யாழ்ப்பாணத்துக்காரர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை 1957இல் வடசென்னையிலிருந்து மக்களவைக்குப் போனார். சாந்தமான மனிதர் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

பொதுத்தேர்தலுக்கும் இது பொருந்துமே என்று கேட்பார்கள். பொருந்தும். 2021இல் திருவொற்றியூரில் தி.மு.க.வின் சங்கர் 88,185, அ.தி.மு.க.வின் குப்பன் 50,524, நாம் தமிழர் கட்சியின் சீமான் 48,597. ஜெயித்தவர் பாதியைத் தொடவில்லை. சீமானுக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் மற்ற இருவரில் ஒருவரையும் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று எவரும் அறிய வழியில்லை. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நோட்டாவைத் தந்தது. எல்லாரையும் நிராகரிக்க நம் இயந்திரத்தில் பொத்தான் இருக்கிறது, இரண்டு பேரை ஏற்க இல்லை. அதை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும், அதற்கு இப்போதைக்கு ஆசைப்பட வேண்டாம். கட்சிக்குள் செய்ய நாடாளுமன்றம் வேண்டியதில்லை.

கட்சிக்குள் வேண்டியது வேறு. முதலில் உறுப்பினர் பட்டியல். கோடி உறுப்பினர் என்று மாநாட்டில் அறிவிக்கிறார்கள். ராயபுரத்தில் ஒரு வட்டத்துப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், செயலாளரின் வீட்டு பீரோவில் இருக்கிறது என்பார்கள். இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், தன் பெயர் இருப்பதே தெரியாதவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் பீரோ யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஜெயிப்பார். ஆகவே ஒப்புதல் வாக்கை ஆதரிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: சீட்டின் அழகைப் பற்றிப் பேசும் முன் பட்டியலைக் கேளுங்கள். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே அதை வட்ட அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்கச் சொல்லுங்கள். எண்ணுவது வேறு மாவட்டத்துக்காரராக இருக்கட்டும். எம்.எல்.ஏ. சீட்டில் தொடங்க வேண்டாம். திருவொற்றியூர் மண்டலத்தின் வார்டுகளில் ஏதாவது ஒன்றில், கவுன்சிலர் வேட்பாளருக்கு ஒரே ஒருமுறை நடத்திப் பார்க்கலாம்.

இதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வேட்பாளரைக் கட்சி எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. தேர்தல் ஆணையத்துக்கு வேண்டியது கடைசி நாள் மூன்று மணிக்குள் கையெழுத்திட்ட ஏ, பி படிவங்கள் மட்டுமே. பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.